தோள்பட்டைத் தையலிலிருந்து ஆரம்பியுங்கள், அக்கா

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வயது 71. வேலையில் இருந்த காலத்தில் நீங்கள் உடுத்திப் போவதைப் பார்த்து மற்றவர்கள் துணி எடுத்திருக்கிறார்கள். இப்போது எதைப் போட்டாலும் யாரிடமோ இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அலமாரியில் ஒரு கத்தரிப்பூ நிறச் சட்டை நான்கு வருடமாக விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் தொங்குகிறது. "இந்த வயசுக்கு வெளிர் நிறம்தாம்மா நல்லா இருக்கும்" என்கிறாள் மகள். அடுத்த மாதம் பேத்திக்குப் பட்டமளிப்பு விழா. உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கக் கூடாது. போங்கள். அந்தக் கத்தரிப்பூ நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டே போகலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் 34 வருடமாகத் தையல் வேலை பார்க்கிறேன். முதலில் புதுத்துணி தைத்தேன். பிறகு பிரித்துத் தைக்கும் வேலையே அதிகமாகிவிட்டது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் 65 தாண்டியவர்கள். எனக்கே 63 ஆகிறது. வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் நீங்கள் சொன்னதையேதான் சொல்வார்கள்: "இப்பல்லாம் எனக்கு எதுவும் எடுப்பா இல்லை." ஆறுதல் சொல்லிப் பயனில்லை என்று சில வருடங்களிலேயே தெரிந்துகொண்டேன். பேசாமல் இஞ்ச் டேப்பை எடுத்துவிடுவேன். பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு முகத்திலும் இல்லை, வயதிலும் இல்லை, அளவில் இருக்கும். அவர்கள் போட்டிருப்பது ஐம்பது வயது உடம்புக்கு வெட்டிய துணி. உடம்பு மாறிவிட்டது, துணி மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மனசுதான் கூசுகிறது.

என்ன மாறுகிறது என்று தெரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 1 செ.மீ. வீதம் நம் உயரம் குறைகிறது. எழுபதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையும். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள் மெலிந்துபோவது ஒரு காரணம். எலும்பே கொஞ்சம் அமுங்குவதும் உண்டு. இதில் தையல்காரர்கள் மட்டும் கவனிக்கிற ஒரு சங்கதி இருக்கிறது. கால் எலும்பு குட்டையாவதில்லை. குறைகிற உயரத்தில் பெரும்பகுதி இடுப்புக்கு மேலேதான் குறைகிறது. அதனால் விலா எலும்பு இடுப்பை நோக்கி இறங்கி வருகிறது, இடை என்று ஒன்று இருந்த இடம் சுருங்குகிறது, வயிறு முன்னால் வருகிறது. எடை ஒரு கிலோகூட ஏறாமலே பழைய பிளவுஸ் இடுப்பில் பிடிப்பது இதனால்தான். "நான் ஒண்ணும் அதிகமா சாப்பிடறதில்லையே" என்று கண்ணில் நீர் வர என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இளவயது உயரத்தைவிட இப்போது 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு பலவீனமாகி, வலியே தெரியாமல் முதுகெலும்பில் முறிவு விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைத் துணியால் சரிசெய்ய முடியாது.

அடுத்தது தோள். வயதாக ஆகத் தோள் முன்னால் வருகிறது, மேல்முதுகு வளைகிறது. முதுகு வளைந்தால் பின்பக்கத்துக்கு அதிகத் துணி தேவை, முன்பக்கத்துக்குக் குறைவாகப் போதும். பழைய சட்டையில் இது தலைகீழாக இருக்கும். பின்னால் துணி பற்றாமல் சட்டை முழுவதையும் முதுகு பின்னோக்கி இழுக்கும். முன்கழுத்து ஏறி வந்து தொண்டையை அழுத்தும். பின்பக்க ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தில் வேண்டாத மடிப்புகள் விழும்.

போன வருடம் 74 வயது அம்மா ஒருவர் சாம்பல் நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். விலை உயர்ந்த துணி, நல்ல தையல். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் ஏழெட்டு முறை இரண்டு விரலை முன்கழுத்தில் விட்டுக் கீழே இழுத்துவிட்டார். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தோளின் நடுமேட்டில் உட்கார வேண்டிய தையல் ஒன்றே கால் இஞ்ச் பின்னால் போயிருந்தது. இரண்டு பக்கமும் தோள்பட்டைத் தையலைப் பிரித்தேன். முன்துணியில் அரை இஞ்ச் குறைத்தேன். பின்துணியின் மேல்பகுதியில், பாக்கெட்டின் உள்மடிப்பிலிருந்து எடுத்த துணியை ஒட்டுக் கொடுத்து முக்கால் இஞ்ச் கூட்டினேன். கையையும் அதற்கு ஏற்றபடி சற்று முன்னால் திருப்பி ஏற்றினேன். மறுநாள் வந்து போட்டுப் பார்த்தார். பழக்கத்தில் விரல் கழுத்துக்குப் போயிற்று. அங்கே இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. விரல் ஒரு நொடி அங்கேயே நின்றது, பிறகு மெதுவாக மடிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அவர் கண்ணாடியையே பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

உடுத்துவதில் வருகிற தன்னம்பிக்கை என்று நான் கண்டது இதைத்தான், அக்கா. துணி நம் கவனத்தைக் கேட்காமல் இருக்கிறபோது அந்தக் கவனம் எதிரே இருப்பவரிடம் போகிறது. இடுப்பை இழுத்துவிடுவதும், தோளைச் சரிசெய்வதும், வயிற்றை மறைக்கக் கைப்பையை முன்னால் பிடிப்பதுமாக இருக்கிற ஒருவர் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் சங்கடத்தில் இருப்பவராகத்தான் தெரிவார்.

ஆகவே முதல் வேலை புது அளவு. பழைய அளவுச் சீட்டைத் தூக்கிப் போடுங்கள். அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்காதீர்கள். வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள். மார்பு, இடுப்பு, கை மட்டும் போதாது. பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து பின்னிடுப்பு வரை ஒரு அளவு, கழுத்தோரத் தோளிலிருந்து மார்பு வழியாக முன்னிடுப்பு வரை ஒரு அளவு, இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் இப்போது ஒரே கணக்கில் வராது. உட்கார்ந்த நிலையிலும் இடுப்பை அளக்கச் சொல்லுங்கள். நின்றால் சரியாக இருப்பது உட்கார்ந்தால் வெட்டும். விழா என்றால் மூன்று மணி நேரம் உட்காரத்தான் போகிறீர்கள்.

உள்ளாடைக்கும் இதே விதி. பலரும் முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய அளவையே இன்னும் வாங்குகிறார்கள். மார்பின் சதை மெலிந்து இறங்கியிருக்கும், முதுகுப் பட்டையின் சுற்றளவு கூடியிருக்கும். உள்ளே அளவு தப்பினால் மேலே நான் என்ன தைத்தாலும் நிற்காது. தோளில் பட்டை பதிந்த தடம் மாலை வரை மறையாமல் இருந்தால் அளவை மாற்றுங்கள். கொக்கி பின்னால் எட்டவில்லை என்றால் முன்பக்கம் பூட்டுகிற வகை கிடைக்கிறது.

பொத்தான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அம்மா வயதான பிறகு எந்த விசேஷத்துக்கும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். கூட்டம் பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். ஒருநாள் காலையில் கதவு சற்றுத் திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காஜாவில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. பொத்தான் பாதி நுழைந்து நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. நான்காவது முறை சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டு உடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற மகள் வீட்டிலேயே இருந்தும் அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்க அவருக்குக் கூச்சம். கவனிக்காமல் இருந்தது என் தவறு. அன்று இரவே அந்தச் சட்டையின் காஜாக்களை மூடித் தைத்தேன், பொத்தான்களை மேலே அப்படியே பதித்தேன், உள்பக்கம் வெல்க்ரோவைச் சிறு துண்டுகளாக வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பொத்தான் போட்ட சட்டைதான். அழுத்தினால் மூடும், இழுத்தால் திறக்கும். அடுத்த வாரம் ஒரு விசேஷத்துக்கு எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பொத்தானுக்குப் பதில் காந்தம் வைத்த சட்டைகள் இப்போது வருகின்றன. விரல் வலி உள்ளவர்களுக்கு உண்மையிலேயே வசதி. ஆனால் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தத்தைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். நெஞ்சில் வரிசையாகக் காந்தம் உள்ள சட்டை அவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு வெல்க்ரோ அல்லது பெரிய பொத்தான், அகலக் காஜா. ஜிப் இழுக்க முடியாவிட்டால் அதன் நாக்கில் ஒரு வளையம் மாட்டினால் போதும், விரலை உள்ளே விட்டு இழுக்கலாம். பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையில் சொல்லிக் கொடுக்கிற முறை இது: போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு. இந்த ஒன்று தெரிந்தால் அடுத்தவர் துணையில்லாமல் பலர் உடுத்திக்கொள்ள முடிகிறது. தானே உடுத்திக்கொண்டோம் என்பது அந்த நாள் முழுவதும் முகத்தில் தெரியும்.

இனி நிறம். உங்கள் மகள் அக்கறையில்தான் சொல்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொன்னது தவறு. முடி நரைத்து, தோலின் நிறமும் சற்று மங்கும்போது முகத்துக்கும் முடிக்கும் இடையில் முன்பு இருந்த நிற வேறுபாடு குறைகிறது. அந்த முகத்துக்குக் கீழே சாம்பல், மணல், வெளுத்த ரோஜா என்று இன்னொரு மங்கலை வைத்தால் முகம் துணிக்குள் கரைந்துவிடும். வெள்ளை முடிக்குப் பக்கத்தில் அழுத்தமான நிறம் நின்றால் முகத்துக்கு ஓரம் கட்டிய மாதிரி இருக்கும். பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் 2016இல் தம் 90வது பிறந்தநாள் அணிவகுப்புக்குத் தலை முதல் முழங்கால் வரை பளீரென்ற பச்சையில் வந்தார். கூட்டத்தில் எங்கோ நிற்பவருக்கும் தாம் தெரிய வேண்டும் என்று அழுத்தமான நிறங்களையே வழக்கமாக வைத்திருந்தவர் அவர். கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

எல்லா அழுத்த நிறமும் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சோதிக்க எளிய வழி உண்டு. பகல் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து துணியை மோவாய்க்குக் கீழே பிடியுங்கள். கண்ணை மூடித் திறந்ததும் முதலில் தெரிவது உங்கள் கண்ணா, துணியா? கண் தெரிந்தால் அந்த நிறம் உங்களுடையது. மின்விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, நீலமும் ஊதாவும் மங்கித் தெரியும். கருநீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டு இரண்டு நிறக் காலுறை போடுவது இதனால்தான். உங்கள் கத்தரிப்பூ நிறம் உங்கள் கண்ணுக்கு இப்போது தெரிவதைவிட மற்றவர்களுக்கு இன்னும் பிரகாசமாகத் தெரியலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் சட்டையை ஒதுக்க வேண்டாம். கூடப் போடுவதை அடக்கமாக எடுத்தால் போதும். முழுதும் அழுத்தமாக உடுத்தத் தயக்கமாக இருந்தால் நிறத்தை முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுவரலாம். கழுத்துத் துணி, காலர், மூக்குக்கண்ணாடிச் சட்டம். கண்ணாடியைப் பலர் மருந்துபோல நினைத்து இருப்பதிலேயே மெலிதான சட்டத்தை எடுக்கிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் முகத்தின் நடுவில் இருக்கிற பொருள் அது. நன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற அமெரிக்க அம்மையாரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வட்ட வட்டமாகப் பெரிய கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, கழுத்து நிறைய மாலைகள். 1921இல் பிறந்தவர். வீட்டு அலங்காரத் துணி நெய்விக்கும் தொழிலில் இருந்தவர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2005இல் அவருடைய உடைகளையும் அணிகளையும் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 84. உலகம் அவரை அறிந்ததே அதற்குப் பிறகுதான். 97 வயதில் ஒரு மாடலிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 2024இல் 102 வயதில் இறந்தார். அவரைப்போல எல்லோரும் பத்து மாலை போட வேண்டியதில்லை. அவருடைய பழைய படங்களைப் பார்த்தால் இளவயதிலும் அந்தத் துணிவு இருந்திருக்கிறது என்று தெரியும். வயதான பிறகு புதிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை. இருந்ததை விடாமல் வைத்திருந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

உங்களுக்கும் ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வேலை சொல்கிறேன். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். "இதில் நான் நானாக இருக்கிறேன்" என்று தோன்றுகிற நான்கைந்தை மட்டும் பிரித்து வையுங்கள். அழகாகத் தெரிகிற படம் வேண்டாம், மனசுக்கு நெருக்கமாக இருக்கிற படம். பிறகு அவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு எல்லாப் படத்திலும் கழுத்து உயர்ந்த காலர் இருந்தது. இன்னொருவருக்குக் கோடு போட்ட துணி. இன்னொருவர் எதைப் போட்டாலும் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். அந்த ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் இன்றைய உடம்புக்கு ஏற்றபடி மாற்றலாம். மடித்த கை வேண்டுமா, முழங்கைக்குக் கீழே நிற்கிற கையாகத் தைத்து மடிப்பையும் சேர்த்துத் தைத்துவிடலாம். உயர்ந்த காலர் காது கேட்கும் கருவியில் உரசினால் அதே காலரை அரை இஞ்ச் இறக்கி மென்மையான துணியில் தரலாம். அடையாளம் இருக்கும், இடைஞ்சல் போய்விடும்.

தைவானைச் சேர்ந்த ஒரு சலவைக்கடைத் தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் சாங் வான்-ஜி, மனைவி ஷு ஷோ-அர். 2020இல் அவருக்கு 83, அந்த அம்மாவுக்கு 84. வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் திரும்ப வாங்காமல் போன துணிகள் கடையில் குவிந்திருந்தன. பேரன் அவற்றை இருவருக்கும் விதவிதமாகச் சேர்த்து உடுத்தச் சொல்லிக் கடை வாசலிலேயே படம் எடுத்துப் போட்டார். சில வாரங்களில் உலகம் முழுவதும் பார்த்தது. அந்தப் படங்களை நான் தையல்காரியாகத்தான் பார்ப்பேன். பேன்ட்டின் நீளம் செருப்புக்கு மேலே சரியாக நிற்கிறது. சட்டை உள்ளே செருகியதோ வெளியே விட்டதோ, தெரிந்து செய்ததாக இருக்கிறது. இருவரும் கைகளை எங்கே வைப்பது என்று தவிக்காமல் நிற்கிறார்கள். புதுத்துணி ஒன்றுகூட இல்லை.

"இந்த வயசுலயா" என்று நாலு பேர் சொல்வார்களே என்கிற உங்கள் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கிலோவிச்சும் அவர் கூட்டாளிகளும் 2000இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூச்சப்பட வைக்கும் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் போக வேண்டும். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அவர்கள் இளைஞர்கள். ஆனால் நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பு எந்த வயதிலும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கிறது என்பது என் அனுபவம். உங்கள் பேத்தியின் விழாவில் எல்லோருடைய கண்ணும் மேடையில்தான் இருக்கும். உங்களைக் கூர்ந்து பார்க்கப் போவது ஒரே ஒருத்தி. அவளும் நீங்கள் வந்திருக்கிறீர்களா என்றுதான் தேடுவாள்.

உடை மனதை மாற்றுமா என்று நிறைய எழுதுகிறார்கள். 2012இல் ஆடம், கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை பெயர்பெற்றது. மருத்துவர் அங்கி என்று சொல்லி வெள்ளை அங்கியைப் போடச் சொன்னால் கவனம் கூடுகிறது, அதே அங்கியை ஓவியர் அங்கி என்றால் கூடவில்லை என்றார்கள். 2019இல் வேறொரு குழு அதன் ஒரு பகுதியை அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நல்ல துணி போட்டால் மூளை மாறும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது முதுமையைப் பற்றி ஆராயும் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வு. 50 வயதைத் தாண்டிய 660 பேரை இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்ததில், தம் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 வருடம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று நிரூபிக்கவில்லை. ஆனால் "எனக்கு இனிமேல் எதற்கு" என்று நாம் நமக்கே தினமும் சொல்லிக்கொள்வது சாதாரணமான பேச்சில்லை என்று எனக்கு உறைத்தது. அந்தப் பேச்சு பெரும்பாலும் அலமாரிக்கு முன்னால்தான் நடக்கிறது.

காலணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதமும் மாறும். வளைவைத் தாங்கும் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீண்டும் அகன்றும் போகும். பழைய எண் உதவாது. மாலையில், நின்றபடி, இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்குங்கள். குதிகாலைப் பிடிக்காத செருப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விழாவுக்கு வேண்டாம். படியேறும்போது கழன்றால் விழுவீர்கள். அதே காரணத்துக்காகத் தரையில் இழுபடும் நீளமும் வேண்டாம். புடவையோ கவுனோ பேன்ட்டோ, போடப்போகும் காலணியோடு நின்றுதான் நீளம் குறிக்க வேண்டும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. வெளியே போக மறுக்கிற பலருக்கு உண்மையான காரணம் சிறுநீரை அடக்க முடியாமை. என்னிடம் அளவு கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. என் பங்குக்கு இடுப்பில் கொக்கி, நாடா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்காகவும் தைத்துத் தருகிறேன். ஒரே இழுப்பில் இறங்கும், பார்க்கச் சாதாரண பேன்ட் மாதிரியே இருக்கும். மேலே சற்று நீளமான, சிறு பூக்கள் அடர்ந்த துணி. நனைந்தாலும் தெரியாது என்கிற நிம்மதியில் போய்வருகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், பேன்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று. ஆண்களுக்கு வயதானால் பின்பக்கச் சதை வற்றும், வயிறு முன்னால் சரியும். பெல்ட்டை இறுக்கினால் வயிற்றுக்குக் கீழே நழுவும், வலிக்கவும் செய்யும். தோளில் மாட்டும் சஸ்பெண்டர் வாங்கிக் கொடுங்கள். பேன்ட் தோளிலிருந்து தொங்கும்போது முன்மடிப்பு நேராக விழும். சட்டைக் காலரையும் பாருங்கள். கழுத்து மெலிந்து பழைய காலர் வளையம் மாதிரி தள்ளி நின்றால் ஆள் நோயாளி போலத் தெரிவார். அரை இஞ்ச் சிறிய காலர் போட்டால் உடனே முகம் தெளியும்.

இனி உங்கள் கத்தரிப்பூ நிறச் சட்டை. ஆயத்தச் சட்டைகளில் தையலுக்கு உள்ளே விடுகிற துணி குறைவு, அதனால் பின்பக்கம் நீளம் கூட்ட வழியிருக்காது. தையல்காரரிடம் முன்பக்க ஓரத்தைப் பின்பக்கத்துக்குச் சமமாக ஏற்றச் சொல்லுங்கள். பக்கத் தையலை இரண்டு இஞ்ச் பிரித்து ஓரம் மடித்துவிட்டால் உட்காரும்போது இடுப்பில் பிடிக்காது. தோள்பட்டைத் தையலை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு தையல்காரரைப் பாருங்கள், முடிகிற வேலைதான். கழுத்துப் பின்னால் குத்துகிற லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், நம் தோல் இப்போது மெல்லியது. அரங்கில் குளிர்சாதனம் இருக்கும். தோலுக்குக் கீழே கொழுப்பு குறைந்துவிட்டதால் மற்றவர்களுக்கு முன்னால் உங்களுக்குக் குளிரும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்று, மேலே எளிதாகக் கழற்றிப் போடுகிற சாம்பல் நிற மேல்சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் உள்ளாடை, காலணி, கண்ணாடி, கைப்பை எல்லாவற்றோடும் முழுதாக உடுத்தி ஒரு மணி நேரம் வீட்டில் இருங்கள். நாற்காலியில் உட்காருங்கள், எழுந்திருங்கள், படியேறுங்கள், மேலே கை நீட்டுங்கள், கழிப்பறைக்கும் போய் வாருங்கள். பேத்தியைக் கட்டிப்பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவாருங்கள். முதுகில் இழுத்தால் மறுநாளே தையல்காரரிடம் கொண்டுபோங்கள், சட்டைக் கையின் பின்பக்கம் முடிந்த அளவு விட்டுத் தருவார். விலைச்சீட்டை மட்டும் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.